ஈறின் நிறம்

வீட்டுக்குள்ளேயே இருந்தால் ஒன்றும் வராது என்று எல்லோரும் சொன்ன ஊரடங்கு நாட்கள் அவை. நாங்களும் நம்பினோம். வெளிக்கேட்டைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினோம். நான், என் மனைவி, எங்களோடு சேர்த்து எங்கள் செவலை நாய். தெருவில் விசைத்தறிகள் நின்றுவிட்டன. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குள் தூங்கிப் பழகிய நாய், காதைத் தூக்கித் தூக்கி எதையோ தேடியது. நானும்தான். வாசலுக்கும் புழக்கடைக்கும், புழக்கடைக்கும் வாசலுக்கும். அதற்குக் கால் நான்கு, எனக்கு இரண்டு, அலைச்சல் ஒன்றேதான்.

வைகாசி வெயிலில் அது சொறிய ஆரம்பித்தது. காதுக்குப் பின்னால், கழுத்தில், தொடையிடுக்கில். முன்பென்றால் பைக்கில் முன்னால் உட்காரவைத்து மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். இப்போது பஜார் முக்கில் தடுப்பு. அதோடு, வெளியே விடாத நாய்க்கு உண்ணி எங்கிருந்து வரும்? வெக்கைதான் என்று நாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டோம்.

எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் கை முதலில் போவது கோயில் புற்றுமண்ணுக்கு. கோயில் நடை அடைத்திருந்தது. பூஜை அலமாரி டப்பாவில் மிச்சம் ஒரே உருண்டை. மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏங்க, நாய்க்குப் போட்டா சாமி குத்தமாயிராதா?”

“பாம்புக்கும் தேளுக்கும் தகட்டுல உருவம் வாங்கிக் கோயில் உண்டியல்ல போடுதோம். நாய் மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?”

“பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல” என்றபடி தண்ணீர் விட்டுக் குழைத்தாள்.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுத் தறிக்காரர் தலை முளைத்தது. அவருக்கும் அடைபட்ட பொழுது.

“என்ன அண்ணாச்சி, சந்தனக்காப்பு பலமா இருக்கு! தீபாராதனை எப்போ?”

“நீரு குளிச்சிட்டு வாரும் வே, காட்டுதேன்.”

மூன்று பேரும் சிரித்தோம். நாய் அசையாமல் பூசக் கொடுத்தது.

பூசிய மண்ணைக் கழுவக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நாயும் செவலை, மண்ணும் செவலை. காய்ந்த பிறகு எது மண், எது நாய் என்று பிரிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் சொறிவது நின்றது.

“கேட்டுச்சு பாத்தீங்களா!” என்றாள் மனைவி. எனக்கும் நெஞ்சு குளிர்ந்தது. சொறியக் காலைத் தூக்கும் தெம்பு அதற்கு இல்லை என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

பிறகு தட்டை மோந்துவிட்டு நகர்ந்தது. அடைந்து கிடப்பதில் அதற்கும் மனசு சரியில்லை என்றோம். குளியலறை ஈரத்தில் போய்ப் படுத்தது. வெக்கை என்றோம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு சொல் இருந்தது. ஆறாம் நாள் காதைத் தடவினேன். மண் பொருக்காகக் கையோடு வந்தது. அடியில், ஆமணக்கு விதைகளை நெருக்கி அடுக்கினாற்போல, உண்ணிகள்.

டாக்டருக்குப் போன் போட்டேன். மாட்டாஸ்பத்திரியில் இருக்கும் இளவயதுக்காரர். அவரே காய்ச்சலோடு வீட்டில் ஓர் அறைக்குள் இருந்தார். வீடியோவில் இருமல்தான் முதலில் வந்தது.

“வெளியவே விடலியே டாக்டர்!”

“செவத்து வெடிப்புல குடியிருக்கும் அண்ணாச்சி. நாயும் வீட்டுலயே கெடந்தா அதுக்கு வசதில்லா. உதட்டத் தூக்கி ஈறக் காட்டுங்க… எனக்குச் சரியாத் தெரியல. நீங்களே சொல்லுங்க, என்ன நெறம்?”

“பிச்சி மொட்டு அடிப்பக்கம் லேசாச் செவந்திருக்கும்லா, அதுமாதிரி…”

“அண்ணாச்சி, வெள்ளையா, ரோஸா?”

“ரெண்டுக்கும் நடுவுல.”

உண்ணிக் காய்ச்சல் என்றார். ரத்தம் வற்றிவிட்டது என்றார். மெடிக்கல் கடையில் வாங்க ஒரு மாத்திரையை எழுதி அனுப்பினார். ரத்தம் ஏற்ற வேண்டுமென்றால் திருநெல்வேலிதான். செல்லில் இ-பாஸுக்கு எழுதிப் போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் மருத்துவம் என்றேன். நோயாளியின் ஆதார் எண் கேட்டது. என் எண்ணைப் போட்டேன். இரண்டு முறை போட்டும் நிராகரிப்பு.

மனைவி உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டாள். காதுப் பக்கம் தீரவே நாள் போதவில்லை. மாத்திரையை வெண்ணெயில் பொதிந்து ஊட்டினோம். பாதி உள்ளே போனது, பாதி என் உள்ளங்கைக்குத் திரும்பியது.

தினம் காலையில் டாக்டர் நிறம் கேட்பார். தினமும் கிழக்கு வெயில் புழக்கடையில் இறங்கும் நேரம் பார்த்து உதட்டைத் தூக்குவேன். அந்த வெளிச்சத்தில் எதுவுமே கொஞ்சம் சிவப்பாகத்தான் தெரியும். தெரிந்துதான் அந்த நேரத்தைத் தேர்ந்தேன்.

“நேத்தைக்கு இன்னைக்குத் தேவல டாக்டர்.”

“எனக்கு அப்பிடித் தெரியல” என்று பின்னாலிருந்து மனைவி சொல்வாள், டாக்டருக்குக் கேட்காமல்.

மாத்திரை தொடங்கிய நான்காம் நாள் உச்சிப்பொழுதில் அது தானாக எழுந்தது. சுவரில் சாய்ந்து சாய்ந்து வெளிக்கேட் வரைக்கும் போனது. ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். போலீஸ் வரும் என்றோ நோய் வரும் என்றோ மனைவி தடுக்கவில்லை. கதவு திறந்ததும் முன்னங்கால் இரண்டையும் தெருவில் வைத்தது. யாருமில்லாத தெருவை மோந்தது. அப்படியே, பாதி உள்ளும் பாதி வெளியுமாகப் படுத்துவிட்டது.

உதட்டைத் தூக்கினேன். உச்சி வெயில் எதற்கும் சாயம் பூசாது. டாக்டரைக் கூப்பிட்டேன்.

“என்ன நெறம் அண்ணாச்சி?”

“வெள்ளை.”

வெகுநேரம் இருமினார்.

“தலைய மடியில வச்சுக்கோங்க. கதவ மட்டும் மூடிராதீங்க.”

மனைவி வாளியில் தண்ணீரும் பழைய துணியும் கொண்டுவந்து உட்கார்ந்தாள். காதிலிருந்து மண்ணைத் துடைக்கத் தொடங்கினாள். தானாக உதிரட்டும் என்று நான் சொல்லவில்லை.