அங்குலத்தில் எழுதிய செய்தி

நெடுங்கேணித் தையற்காரர் கச்சு முகம்மது பத்திரிகை நிருபரும்கூட. 1961இல் பொலிஸ்காரரிடம் அடிபட்ட விவசாயி கதிரித்தம்பி, செய்யாத மரக்களவை ஒப்புக்கொண்டிருந்தார். காயங்கள் அவர் சைக்கிளிலிருந்து விழுந்ததால் வந்தவை என்றது பொலிஸ். பிணையில் வந்தவருக்கு அடுத்த வாரம் வழக்கு.

கதிரித்தம்பி கடைக்கு வந்ததும் முகம்மது அளவுநாடாவை எடுத்தார். "முதுகைக் காட்டுங்கோ."

"என்ன நானா, சேட்டுத் தைக்கப் போறியளோ?"

"அசையாதேங்கோ. விழுந்த காயம் நாலும் ஒரே அகலமாவோ வரும்?"

நான்கும் ஒன்றேகால் அங்குலம். அப்படியே பத்திரிகையில் வந்தது.

பல வருடங்கள் வெளியூர்களில் அலைந்து ஊர் திரும்பிய நான், பழைய பத்திரிகையொன்றில் அந்தச் செய்தியை வாசித்துவிட்டு அவரைத் தேடிப் போனேன்.

"வழக்கு என்னாச்சு, நானா?"

"எங்கட பக்கம் வாதாடின அப்புக்காத்தர் பேப்பரை வாசிச்சிட்டு, பொலிஸ்காரற்ற பொல்லுத்தடியை அளக்கவேணும் எண்டு கேட்டார். அதுவும் ஒண்டேகால். கதிரித்தம்பியை அண்டைக்கே விட்டிட்டினம், தங்கச்சி. எனக்குத்தான் பொலிஸ் உடுப்புத் தையல் அதோட நிண்டுபோச்சு."