சாவுச் செய்திக்கு ஒரு "அருமை"

இன்று காலை மண்ணரை பனியன் கம்பெனியில் இருந்தவர்கள்: நான், சரோஜா, மேரி, எழுதினாலும் இதயம் போட்டாலும் புள்ளி கொடுக்கும் இந்த ஆப்பில் எங்களைச் சேர்த்துவிட்ட சூப்பர்வைசர் குமரேசன்.

போன வாரம் இறந்துபோன என் தங்கை பாப்பாத்தியைப் பற்றி நேற்று இங்கே எழுதியிருந்தேன். அதன் கீழே குமரேசன், "அருமை! தினமும் இப்படியே போடுங்க" என்று எழுதியிருந்தான்.

"ஏங்கண்ணு, தினமும் போட எனக்கென்ன ஊடு நெறையத் தங்கச்சிகளா இருக்கறாங்க?" என்று கேட்டேன்.

தலையைச் சொறிந்தான். "படிக்கலீங்கம்மா. புதுசா சேர்ந்தவங்களை எழுத வெச்சுட்டே இருந்தாத்தான் எனக்குப் புள்ளி வருமுங்க."

சின்னப் பையன், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த "அருமை"க்கு இதயம் போட்டுப் புள்ளி வாங்கியவரை மன்னிக்கவே மாட்டேன். இந்தப் பதிவுக்கும் இதயம் போடுகிறாரா என்று பார்த்துச் சொல்லுங்கள்: பாப்பாத்தியின் புருஷன் பழனிச்சாமி.