கதவில் படுத்து வேலூர் போனேன்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஆரணியில் என் வீட்டுக்குப் பின்னால் நான்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மழை தொடங்குவதற்குள் கூரை ஒழுகலை அடைத்துவிடலாம் என்று ஒரு காலையில் நானே மேலே ஏறினேன். நாலைந்து எட்டு வைத்திருப்பேன். காலடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்தது. இரண்டு தறிகளுக்கு நடுவே சிமெண்டுத் தரையில் மல்லாந்து விழுந்தேன்.

கண் திறந்தபோது தறிகள் நின்றிருந்தன. என்னிடம் வேலை பார்த்த மூன்று நெசவாளர்களும் சுற்றி நின்றார்கள். பின்கழுத்தில் உயிர் போகிற வலி. விரல்களில் எறும்பு ஊர்வது போலிருந்தது.

"இன்னா பாத்துகினு நிக்கிற? தூக்கி உக்கார வை. ஜல்தியா ஆட்டோ புடிக்கலாம்" என்றார் ஒருவர். இன்னொருவர் என் அக்குளில் கை கொடுத்துவிட்டார்.

"தொடாதீங்க! யாரும் அவரத் தூக்காதீங்க!"

பக்கத்து வீட்டு மருமகள். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அன்று லீவு. தறிச் சத்தம் தாங்கவில்லை என்று அவருடைய மாமனார் என்மேல் மனு கொடுத்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. அந்தப் பெண் துணி துவைத்த ஈரக் கையோடு ஓடி வந்து, தரையில் மண்டியிட்டு, என் தலையை இரண்டு பக்கமும் அசையாமல் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, கால் வெரல ஆட்டுங்க... ஆடுது. கை மரத்துப் போச்சா?"

நான் தலையசைக்கப் போனேன்.

"தலைய ஆட்டாதீங்க! ஆமான்னா வாயால சொல்லுங்க."

நூல் வைக்கும் அறையின் கதவைக் கழற்றச் சொன்னார். ஒருவரைத் தோளிலும், ஒருவரை இடுப்பிலும், ஒருவரைக் காலிலும் பிடிக்க வைத்தார். "நான் மூணு சொன்னதும் எல்லாரும் ஒண்ணா திருப்புங்க. உடம்பு முறுக்கவே கூடாது."

என்னை ஒருக்களித்துத் திருப்பிய நேரத்தில் என் மனைவி கதவை அடியில் தள்ளினாள். கடைக்கு அனுப்ப மடித்து வைத்திருந்த பட்டுப்புடவைகளைத் தலைக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்து, நெற்றியையும் உடம்பையும் துண்டுகளால் கதவோடு கட்டினார் அந்தப் பெண். அதற்குள் அவருடைய மாமனாரே ஒரு டெம்போவைப் பிடித்து வந்திருந்தார். "பள்ளத்துல உடாத, மெதுவா போ" என்று டிரைவரிடம் அவர் கெஞ்சியது எனக்குக் கேட்டது.

வேலூர் வரை அந்தப் பெண் என் தலைமாட்டில் குந்தியிருந்தார். வண்டி எத்தனை முறை தூக்கிப் போட்டாலும் அந்தக் கைகள் விலகவில்லை.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், கழுத்தெலும்பு உடைந்திருக்கிறது, நரம்பு தப்பித்தது என்றார். "உக்கார வெச்சி ஆட்டோல கொண்டாந்திருந்தா கை கால் வராமலே போயிருக்கலாம். யாரு இப்படிக் கட்டினது?" என்று கேட்டார். என் மனைவி அழுதுகொண்டே அந்தப் பெண்ணைக் காட்டினாள்.

கழுத்து அசையாமலிருக்க மூன்று மாதம் காலர் போட்டிருந்தேன். கழற்றிய அன்றே மனைவியோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். என்னென்னவோ சொல்ல நினைத்து வாயெடுத்தேன்.

அந்தப் பெண் இரண்டு கைகளையும் நீட்டினார். "இறுக்கிப் புடிங்கண்ணா, பாக்கலாம்."

பிடித்தேன்.

"போதும், போதும். என் கைதான் உடையப் போகுது" என்று சிரித்தார். மாமனார் உள்ளே பார்த்து காபி போடச் சொன்னார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவர்கள் வேலூருக்கே குடிபோனார்கள். என் மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையை அங்கே போய்த்தான் வைத்தோம்.