சாமி பெயரில் ஒரு ராஜினாமா

அடி அண்ணாமலையில் பிறந்த ரேணுகாம்பாள் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள். திருவண்ணாமலையில் சக்கரபாணியின் விதை, உரக் கடை ஆபீசில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, கம்ப்யூட்டர் என்பது அங்கே துணி போட்டு மூடிவைக்கிற பொருள். துணியை எடுத்து அதை வேலை வாங்கியவள் அவள்தான். ஆர்டர் எழுதுவது, லாரிக்குச் சொல்வது, எந்த மூட்டை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது எல்லாம் அவள் பாடு. கோபம் வந்தால் அவள் டைப் அடிக்கிற சத்தம் வாசல்வரை கேட்கும்.

அதே கடையின் கீழ்பென்னாத்தூர் குடோனைப் பார்த்துக்கொண்டிருந்த திருமலையைக் கட்டிக்கொண்டாள். அதன்பிறகு கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ். நெரிசல், சில்லறைக்குக் கண்டக்டரோடு சண்டை. ஆனாலும் ஆபீசில் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்ததும், தானும் ஓர் ஆள் என்று அவளுக்குத் தோன்றும். அதை வீட்டில் சொன்னதில்லை. சொன்னால் மாமியார் சும்மா விடுவாளா?

2004இல், டெலிபோன் செலவு கம்மியாகும் என்று சக்கரபாணி ஆபீஸ், குடோன் இரண்டின் கம்ப்யூட்டரிலும் மெசஞ்சர் வைத்தார். ஆபீசில் எழுதினால் அந்த நிமிடமே குடோனில் தெரியும். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்றுதான் சென்னையிலிருந்து வந்தவர் ஏற்பாடு செய்தார். சக்கரபாணி ஒப்பவில்லை. கணக்கு எழுதினால் மேலே பிள்ளையார் சுழி போடுகிறோம், இதில் மட்டும் கண்டதையும் அடிப்பதா? எல்லோரும் காலையில் முதலில் பாஸ்வேர்டாக அண்ணாமலையார் பெயரைத்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"சார், எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுனா, யார் பேர்ல வேணாலும் யாரு வேணாலும் எழுதிடலாம்," என்றார் சென்னைக்காரர்.

"சாமி பேர எழுதிட்டு எவன்யா ஃப்ராடு பண்ணுவான்?"

சாமி பெயரைச் சொல்லி நடக்காத ஃப்ராடு எது என்று திருப்பிக் கேட்க அங்கே யாருக்கும் தைரியமில்லை.

அடுத்த வருஷம் சித்திரையில் ரேணுகாம்பாளுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். தண்ணீர் ஊற்றும்வரை அவள் வெளியே போகவில்லை, யாரும் வந்து பார்க்கவும் இல்லை. உடம்பு தேறி ஆபீசுக்குப் போனால், அவள் நாற்காலியில் வினோதினி உட்கார்ந்திருந்தாள். கடை கவுன்டரில் சில்லறை வியாபாரம் பார்க்கிற பெண்.

"அக்கா, நீங்க நின்னுட்டீங்கன்னு சொன்னாங்களே," என்று அவள் பதறி எழுந்தாள்.

சக்கரபாணி தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ரேணுகாம்பாள் என்ற பெயருக்குக் கீழே, 'உடம்புக்கு முடியவில்லை, வீட்டையும் கவனிக்க வேண்டும், வேலையை விட்டு நின்றுகொள்கிறேன்' என்று இருந்தது.

"உன் பேர்லதானம்மா வந்திருக்கு? பேர் பொய் சொல்லுமா?"

அவள் அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பினாள். சாயங்காலம் திருமலையைக் கேட்டாள். அவன் மறைக்கவில்லை.

"ஆமா, குடோன்லேர்ந்து நான்தான் எழுதினேன். அம்மா தெனம் புலம்புது. நீயும் பஸ்ல போய் சீரழியற. நீ எழுதினா இன்னா, நான் எழுதினா இன்னா?"

அடுத்தவர் கெடுதலுக்குப் போகிற ஆளில்லை திருமலை. நல்லது செய்ததாகவே நம்பினான். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பி ஆபீசுக்கு வந்தாள்.

"சார், அத நான் எழுதல. எங்க வீட்டுக்காரர் எழுதினது."

"வீட்டுக்காரர்தானே? யாரோ எவனோ இல்லியே," என்றார் சக்கரபாணி. "குடும்ப விஷயம்மா. வீட்ல பேசிக்கோங்க." சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

ரேணுகாம்பாள் வினோதினியை ஒரு நிமிடம் எழுந்திருக்கச் சொன்னாள். உட்கார்ந்து, பெயர் கேட்ட இடத்தில் திருமலை என்று அடித்தாள். பாஸ்வேர்டுக்கு அண்ணாமலையார். பிறகு முதலாளிக்கு எழுதினாள்: 'வீட்டைக் கவனிக்க வேண்டும், இன்றோடு வேலையை விட்டு நின்றுகொள்கிறேன்.' டைப் அடித்த சத்தம் வாசல்வரை கேட்டது.

உள்ளே சக்கரபாணி அலறியடித்துக்கொண்டு போனை எடுத்தார். "இன்னாப்பா திருமலை, திடீர்னு இப்படி எழுதிட்ட? நீதான் எழுதினியா? உன் வாயால சொல்லு."

ரேணுகாம்பாள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அத எழுதினது நான், சார். அவருக்குனா உடனே போன் போட்டுக் கேக்கறீங்க. என் பேர்ல வந்தப்போ ஏன் சார் கேக்கல?"

சக்கரபாணிக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரு கேக்கல? அன்னிக்கே போன் போட்டுக் கேட்டேன். திருமலையத்தான் கேட்டேன். ஆமான்னான்."

"அப்ப இதுக்கு என்னக் கேளுங்க, சார். நானும் ஆமான்னு சொல்றேன்."

கவுன்டரில் யாரோ சிரித்தார்கள். போனில் திருமலை அலோ அலோ என்று கத்திக்கொண்டிருந்தான். சக்கரபாணி ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

"அவன் வேல போகல, அப்படியே இருக்குனு நீயே சொல்லிட்டு, போய் உன் சீட்ல உக்காரும்மா."