மிளாவுக்கு எந்தத் தோட்டா

என் துப்பாக்கி குட்டை. பட்டாளத்திலிருந்து வந்த பிறகு வாங்கியது. ஏ.டி.எம். மிஷின்களுக்குப் பணம் கொண்டுபோகிற வண்டியில் எனக்குக் காவல் வேலை. வண்டிக்குள் நீளத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஆள் திரும்ப முடியாது. அதனால் சட்டம் விட்ட அளவுக்குள் குட்டையானதாகப் பார்த்து எடுத்தேன். பன்னிரண்டு போர் குழாய். முன்பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவில் அதற்குக் குட்டச்சி என்று பெயர். பெயர் வைத்தது என் மனைவியின் தம்பி. தென்காசியில் ஆட்டோ ஓட்டுகிறான். எதற்கும் ஒரு பெயர் வைக்காமல் அவனுக்கு ஆகாது.

குட்டச்சிக்கு நான் தோட்டா தேடி அலைந்தது ஒரே ஒரு தடவை. அது மைனிக்காக.

மைனி என் அண்ணன் மனைவி. அண்ணன் போன பிறகு, அச்சன்புதூருக்கு மேற்கே மலையடியில் இருக்கிற வாழைத் தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்க்கிறாள். ஏத்தன் வாழை, நேந்திரன் என்பார்களே அது. ஓணத்துக்கு வெட்டினால்தான் அதற்கு மரியாதை. ஓணம் தப்பினால் சும்மா பழம்.

மைனிக்குக் கூடப்பிறந்த அண்ணன்மார் இரண்டு பேர் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். தோட்டத்தை விற்றுவிட்டு எங்களோடு வந்து இரு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முந்தின வருஷம் ஆடிக் காற்றில் பாதித் தோட்டம் சாய்ந்தது. அப்போது மைனி அவர்களிடம் ஒரு வார்த்தை கொடுத்தாள். அடுத்த ஓணத்துக்கும் குலை லாரி ஏறவில்லை என்றால் தோட்டத்தை விற்றுவிடலாம், நானும் வந்துவிடுகிறேன் என்று. வார்த்தை கொடுத்தால் மாற மாட்டாள். எங்களுக்கு அதுதான் பயம்.

மறு வருஷம் ஆனியில் சாரல் பிடித்தது. வாழை குலை தள்ளி நின்ற நேரம். மிளா இறங்க ஆரம்பித்தது.

மிளா மலையில் இருக்கிற பெரிய மான். காளை உயரம் இருக்கும். அது தின்பது கொஞ்சம்தான். இலையை இழுக்கும், பக்கக் கன்றைக் கடிக்கும். ஆனால் உரசும். காற்றுக்குச் சாயாமல் இருக்க ஒவ்வொரு வாழைக்கும் மைனி முட்டுக்கம்பு கொடுத்திருந்தாள். மிளா கம்பில் கழுத்தைத் தேய்த்தால் கம்பு போகும். கம்பு போனால் குலையின் பாரத்தில் வாழை குப்புற விழும். பிஞ்சுக் குலை எதற்கும் உதவாது.

மைனி வெடி போட்டுப் பார்த்தாள். சாரலில் பாதித் திரி நமுத்துப்போனது. வெடித்த வெடிக்கும் மிளா காதை மட்டும் ஆட்டியது. குற்றாலத்துக்கு வருகிற சீசன் கூட்டம் போடுகிற வெடியை வருஷா வருஷம் கேட்டுப் பழகிய மிருகம் அது.

ஒரு நாள் மைனி போன் செய்தாள்.

"தம்பி, துப்பாக்கிய எடுத்துட்டு ஒரு விடியக்காலம் வந்துட்டுப் போ. என்ன தோட்டா போடணுமோ அதையும் பாத்து வாங்கிக்கோ."

"எந்தத் தோட்டா மைனி?"

"எனக்கென்ன தெரியும்? அது சாகக் கூடாது. திரும்பி வரவும் கூடாது. அதுக்கு ஒரு தோட்டா இருக்கும்லா?"

எனக்கும் தெரியாது. பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்தது வேறு.

நேரில் போய்ப் பார்த்தேன். வரிசையாகக் குப்புறக் கிடந்த வாழைகளைப் பார்த்தேன். சாக வேண்டாம் என்று இவள் எப்படிச் சொல்கிறாள் என்று இருந்தது. கேட்டேன்.

"செத்தா அந்த எடத்துக்கு வேற ஒண்ணு வரும், தம்பி. அதுக்கு ஒண்ணும் தெரியாது. முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பயந்து போச்சுன்னா இங்கன வராது. அது வரலன்னா அது பின்னால வாரதும் வராது." கீழே கிடந்த ஒரு கம்பை எடுத்து அடுத்த வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே சொன்னாள். "வனத்துறைல போய்ச் சொல்லிட்டேன். சத்தம் கேக்கும், ஒரு ரவை அது மேல படாதுன்னு. என் வார்த்தைய நம்பித்தான் சரின்னு விட்டிருக்காவ."

இன்னொரு வார்த்தை. அதுவும் என் துப்பாக்கியை நம்பி.

வீட்டில் மச்சானிடம் சொன்னேன். அவன் அதைக் கேட்ட விதமே வேறு.

"ஒரு எல்.ஜி. போதும் அத்தான். தெருவுக்கே கறி."

எல்.ஜி. என்பது பெரிய ரவைத் தோட்டா. உள்ளே ஈய உருண்டைகள் கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. பணவண்டிக் காவலுக்கு நான் வைத்திருப்பது அதுதான்.

"மானை அடிச்சா ஜெயில்ல களி."

"மான் இல்லலா அத்தான். மிளா. சட்டத்துல மான்னுதான் போட்டிருக்கான். மிளான்னு எங்கன போட்டிருக்கான்?"

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். மான் என்றால் புள்ளி இருக்க வேண்டும், குள்ளமாக இருக்க வேண்டும், பார்த்தால் பாவமாக இருக்க வேண்டும். மிளாவுக்கு இது ஒன்றும் கிடையாது. அதனால் அது மான் கணக்கில் வராது.

திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினோம். அங்கே துப்பாக்கிக் கடை இருக்கிறது. கடைக்கார பாய் என் லைசென்ஸைப் பார்த்தார், துப்பாக்கியைக் கையில் வாங்கிக் குழாயைப் பார்த்தார். கண்ணாடிப் பலகைமேல் மூன்று தோட்டாக்களை வைத்தார். ஒற்றைக் குண்டுத் தோட்டா. எல்.ஜி. அப்புறம் பொடி ரவை.

"ஒத்தைக் குண்டு இந்தக் குட்டைக்கு ரொம்ப ஒதைக்கும் அண்ணாச்சி. எல்.ஜி. சீக்கிரம் விரிஞ்சிரும். பக்கத்துல ஆள் நின்னா அவனுக்கும் பங்கு உண்டு. பொடி ரவை கொஞ்ச தூரத்துல செத்துப்போவும். மழை மாதிரி விழும், அவ்வளவுதான். ஆனா குட்டைல எதைப் போட்டாலும் சத்தம் கூட. நீளக் குழாய்னா மருந்து உள்ளேயே எரிஞ்சி முடிஞ்சிரும். இதுல பாதி வெளிய வந்துதான் எரியும். நெருப்பு கண்ணுக்குத் தெரியும்."

அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. பொடி ரவை. மைனி கேட்ட தோட்டா அதுதான். குட்டை என்று எல்லோரும் சிரித்த துப்பாக்கிதான் அதற்கும் தோது.

பாய் கேட்டார். "எதுக்கு வேணும் அண்ணாச்சி?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் சொன்னான். "மிளாவுக்கு."

பாயின் கை நின்றது. மூன்று தோட்டாக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார்.

"மான் இல்ல பாய். மிளா," என்றான் மச்சான், அவருக்குக் காது சரியில்லை என்று நினைத்து.

"வெளங்குதுப்பா. எலிய எலிம்போம், பெருச்சாளியப் பெருச்சாளிம்போம். பூனைக்கு ரெண்டும் ஒண்ணுதான். வனத்துறைக்கும் அப்படித்தான்."

"விரட்டத்தான் கேக்கேன்," என்றேன்.

"எல்லாரும் விரட்டத்தான் கேக்காவ. போய்ட்டு வாங்க அண்ணாச்சி. டீ சொல்லட்டா?"

டீ குடித்தோம். தோட்டா கிடைக்கவில்லை. பஸ் ஆலங்குளம் வந்ததும் மச்சான் என் பக்கம் திரும்பினான். அப்புறம் சொன்னான்.

"பன்னிக்குன்னு சொல்லியிருக்கணும் அத்தான்."

"நீ ஒண்ணுமே சொல்லியிருக்கக் கூடாது."

வீட்டில் இருந்தது இரண்டு வகை. வேலைக்கு உள்ள எல்.ஜி. நல்ல பிளாஸ்டிக் தோட்டா. இன்னொன்று, துப்பாக்கி வாங்கின புதிதில் குறி பார்க்க வாங்கி மிச்சம் வைத்த பொடி ரவை. அது காகிதத் தோட்டா. எங்கள் ஊர்ச் சாரல் காகிதத்தை விடாது. பீரோவுக்குள் இருந்தாலும் ஊறும். குழாயைத் தனியாகக் கழற்றி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுப் பார்த்தேன். ஊறினது பாதியில் நிற்கும். நல்லது சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். நிறைய நின்றது. இரண்டே இரண்டு இறங்கியது.

"ரெண்டு பொடிய வச்சிக்கிட்டு கொசுவா அடிக்கப் போறோம்?" என்றான் மச்சான்.

பொடி ரவை இரண்டையும் சட்டைப் பையில் வைத்தேன். எல்.ஜி. கொஞ்சத்தை அவனிடம் கொடுத்துப் பையில் வைக்கச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்றால், கீழே கிடந்த குலைகள் கண்ணுக்குள்ளேயே நின்றன. அவ்வளவுதான்.

மறுநாள் கிழக்கு வெளுக்கிற நேரம் தோட்டத்தில் நின்றோம். மைனி அண்ணனுடைய பழைய மழைக்கோட்டைப் போட்டிருந்தாள். காற்று மலையிலிருந்து எங்கள் பக்கம் அடித்தது. எங்கள் வாடை அதற்குப் போகாது. சாரல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. மச்சான் என் காதில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். மைனி திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏலே, வாயில ஒரு வாழைப்பழத்த வச்சி அடைக்கட்டா?"

அவன் நிறுத்தினான்.

அது வந்தது. வேலியைத் தாண்டுவதை நான் பார்க்கவில்லை. திரும்பினால் வாழைக்கு நடுவில் நிற்கிறது. நனைந்து கறுத்த உடம்பு. கழுத்தில் பிடரி மயிர். கொம்பில் வாழைநார் தொங்கியது. நான் ஊர் ஊராகப் போயிருக்கிறேன், பனிமலையிலும் நின்றிருக்கிறேன். இப்படி ஒன்று இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. வேலி, வாழை, நாங்கள் எல்லோரும் அதன் இடத்தில் நிற்பது மாதிரி இருந்தது. மச்சானின் மூச்சுகூடக் கேட்கவில்லை.

ஆள் இல்லாத மலைப்பக்கம், அதன் தலைக்கு வெகு உயரத்தில், வானத்தைப் பார்த்துக் குழாயைத் தூக்கினேன். அழுத்தினேன்.

டிக்.

வெடிக்கவில்லை. தோட்டா இறங்கியதே தவிர உள்ளே மருந்து நமுத்திருந்தது.

வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது. தாமதித்து வெடித்தாலும் வெடிக்கும். குழாயை மேலேயே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பட்டாளத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. கையை மேலே வைத்தபடி நின்றேன். மிளா அந்தச் சின்னச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தது. அப்புறம் பக்கத்து வாழையில் கழுத்தை வைத்துத் தேய்த்தது. கம்பு சரிந்தது. குலையோடு ஒரு வாழை மெதுவாகச் சாய்ந்து விழுந்தது.

என் விலாவில் ஏதோ இடித்தது. பார்த்தால் மச்சானின் உள்ளங்கை. அதில் எல்.ஜி.

"இனி இதுதான் அத்தான்," என்றான்.

அடுத்த கம்பிலும் மிளா கழுத்தை வைத்தது. நான் அந்தத் தோட்டாவைப் பார்த்தேன். எடுத்துப் போட்டிருப்பேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மைனி எங்கள் இருவரையும் பார்த்தாள். மழைக்கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாழைக்கு நடுவில் நேராக நடந்தாள். எனக்கும் மிளாவுக்கும் நடுவில் போய் நின்றாள். சாயப்போன வாழையின் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மிளாவின் கழுத்து. இந்தப் பக்கம் மைனியின் தோள். நடுவில் ஒரு வாழை.

இனி அந்தத் திசையில் ஒரு ரவையும் போக முடியாது. அதற்காகத்தான் போனாள்.

"தம்பி, இன்னொண்ணு இருக்கும்லா?" திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். சோறு இருக்கிறதா என்று கேட்கிற குரல்.

"இருக்கு மைனி."

"அதப் போடு."

முன்பிடியை இழுத்தேன். நமுத்தது வெளியே விழுந்தது. சட்டைப் பையிலிருந்து மற்றதை எடுத்துப் போட்டேன். அவளுக்கும் அதற்கும் பக்கத்தில் இல்லாமல், தெற்கே, மேகத்தைப் பார்த்து அழுத்தினேன்.

பாய் சொன்னது சரிதான். குழாய் முனையில் ஆள் உயரத்துக்கு நெருப்பு நின்றது. சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. மிளா நின்ற இடத்திலிருந்தே எழும்பி வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. மரம் முறிகிற சத்தம் மேலே மேலே போனது. அதற்கும் மேலே, நாங்கள் பார்க்காத இன்னும் இரண்டு மூன்று ஓடின.

மைனி கம்பை விடவில்லை. அதை மண்ணில் நன்றாக ஊன்றி, வாழை நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

"இந்தக் குட்டைக்கா இவ்வளவு வாய்?"

"என்ன சொல்லுதா?" என்றான் மச்சான், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு.

"காது போச்சா? நல்லதாப் போச்சு. இனி உன் பேச்ச நீயே கேக்க வேண்டாம்லா."

வீடு திரும்புகிற வழியில் மச்சான் ஆட்டோவை ஓரமாக நிறுத்தி எல்.ஜி.யை என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

"அந்த மிளா நம்ம ஆட்டோவுக்குள்ள கொள்ளாது அத்தான்," என்றான். அதற்கப்புறம் கறிப் பேச்சு இல்லை.

பட்டாளத்தில் தைரியசாலிகள் என்று பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. துப்பாக்கிக்கும் மிருகத்துக்கும் நடுவில் சும்மா நடந்துபோய் வாழைக்கம்பைப் பிடித்தவர் என்று நான் பார்த்தது மைனி ஒருத்தியைத்தான்.

மிளா பிறகு தோட்டத்துக்குள் வரவில்லை. சில காலையில் வேலிக்கு மேலே தள்ளி நின்று பார்க்கும், போய்விடும் என்று மைனி சொன்னாள். ஆடிக் காற்றும் அந்த வருஷம் கருணை காட்டியது.

ஆவணியில் குலை வெட்டின அன்று நானும் போனேன். செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குப் போகிற லாரி தோட்டத்துப் பாதையில் நின்றது. ஏற்றிக்கொண்டிருந்தபோது மைனியின் அண்ணன்மார் காரில் வந்து இறங்கினார்கள். ஓணத்துக்கு முன் முடிவு பேசலாம் என்று வந்தவர்கள். லாரியில் ஏறியிருந்த குலைகளைப் பார்த்தார்கள்.

"இந்த வருஷம் தப்பிச்சிட்ட," என்றார் மூத்தவர்.

மைனி தலையில் சுமந்து வந்த குலையை லாரிக்காரன் கையில் கொடுத்தாள்.

"காரத் தள்ளி நிறுத்துங்கண்ணே," என்றாள். "லாரி திரும்பணும்."

அவர் போய்த் தள்ளி நிறுத்தினார்.