ரொட்டிக் கடை வரிசையில் ஒதீல்

இரண்டாம் உலகப் போரின் கடைசியில், ஜெர்மன்காரர்கள் பிடியிலிருந்த பிரான்ஸின் ருவாயான் நகரம் குண்டுவீச்சில் தரைமட்டமானபோது ஒதீலுக்கு இருபத்தாறு வயது. வீடு போயிற்று, அப்பாவும் போனார். ஊருக்கு வெளியே போட்ட பலகைக் குடிசைகளில் அவளுக்கு ஓர் அறை கிடைத்தது. பக்கத்து அறை மார்த்துக்கு.

கடற்கரை முழுக்கக் கண்ணிவெடி. போர் முடிந்ததும் அதை எடுக்க ஜெர்மன் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். ஓரிடத்தைத் துப்புரவாக்கியதும், கைதிகள் கைகோத்து அந்த மணலில் நடந்து காட்ட வேண்டும். ஒருநாள் வரிசை நடுவே வெடித்தது. காவலர்களுக்குச் சூப் காய்ச்சிக்கொண்டிருந்த ஒதீல் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். இருவர் செத்துக் கிடந்தார்கள். ஏவால்ட் என்ற தச்சன் காதில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தான். தலைத்துணியை அவிழ்த்து அவனுக்குக் கட்டினாள்.

அதன்பின் இருவரும் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பேச்சு ஆசையாயிற்று.

கைதிகளை விடுவித்தபோது, விரும்பியவர்கள் இங்கேயே வேலைக்குத் தங்கலாம் என்றார்கள். ஏவால்ட் அவளைத் தேடி, அவள் வரிசையில் நின்ற ரொட்டிக் கடைக்கே வந்துவிட்டான்.

"நீ சரின்னா இருந்துடறேன், ஒதீல். இல்லேன்னா இன்னைக்கு ரயில் ஏறணும்."

வரிசையில் பின்னால் நின்ற மார்த் உரக்கக் கேட்டாள்: "ஏண்டி, உங்கப்பன் செத்த ஈரம்கூடக் காயல, அதுக்குள்ள ஜெர்மன்காரன் கேக்குதா? ஜெர்மன்காரனோட பழகினதுக்குத் தலைய மழிச்சு ஊர்வலம் விட்டாங்களே, அந்தப் பொம்பளைங்கள மறந்துட்டியா?"

வரிசை சிரித்தது. அப்பாவைக் கொன்றது இங்கிலீஷ்காரன் குண்டு என்று சொல்ல ஒதீலுக்கு வாய் வரவில்லை.

"யார் நீங்க? எனக்குத் தெரியாதே" என்றாள் ஏவால்டிடம்.

அவன் தொப்பியைக் கழற்றித் தலையசைத்துவிட்டுப் போனான்.

வெள்ளைக் கான்கிரீட்டில் புதிய ஊர் எழும்பியது. ஒதீல் ஒரு கொத்தனாரை மணந்தாள். நல்ல மனிதர், சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். கோடைக்கு வருகிறவர்களுக்குக் கடற்கரையில் சாய்வு நாற்காலி வாடகைக்கு விட்டுப் பிழைத்தாள். பிறகு ஜெர்மன்காரர்களும் வரத் தொடங்கினார்கள். மார்த் தன் வீட்டு வாசலில் 'அறை உண்டு' என்று ஜெர்மன் மொழியில் பலகை மாட்டினாள்.

ஒரு மத்தியானம் மார்த் தன் ஜெர்மன் விருந்தினர் இருவரை அழைத்துவந்தாள். "தங்கமான மனுஷங்க ஒதீல்! படுக்கையக்கூட அவங்களே மடிச்சு வெக்கிறாங்க."

"அன்னைக்கு ரொட்டிக் கடையில என்னைப் பாத்து என்ன சொன்னே, ஞாபகமிருக்கா?"

"எந்தக் கடையில?"

ஒதீல் சொன்னாள்.

"அய்யோ, நானா? அப்ப எல்லாரும் எதையாச்சும் உளறிட்டுதானே இருந்தோம். அதையா இத்தனை வருஷம் மனசுல வெச்சிருக்கே?"

ஒதீல் கோபப்பட முயன்றாள், முடியவில்லை. மார்த் கேலிதான் செய்தாள். தெரியாது என்று சொன்னது இவள் வாய்.

இரண்டு நாற்காலிகளை விரித்துக் கொடுத்தாள். வந்தவர்களில் ஒருவர் தடுமாறிய பிரெஞ்சில் நன்றி சொன்னார். எந்த ஊர், அங்கே ஒரு தச்சனைத் தெரியுமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்காமலே நகர்ந்தாள்.