பீரோவுக்குள் பூட்டிய காகிதம்

அந்த நர்ஸுக்குக் கடுகு என்று பட்டப்பெயர். ஆள் குள்ளம், கொஞ்சம் சூடு பட்டால் போதும், வெடித்துவிடுவாள். இனி பிழைக்க மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. புண் கழுவுவாள், வலிக்கு மருந்து கொடுப்பாள். கடைசி நேரத்தில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று அவர்களையே கேட்டு எழுதி, கையெழுத்தும் டாக்டர் முத்திரையும் வாங்கித் தருவாள். பதினேழு வருஷமாக இதே ஸ்கூட்டர், இதே அலைச்சல்.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு நுரையீரலில் புற்று. குழாய் எதுவும் சொருகக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, ஜன்னலோரம் ரோட்டைப் பார்த்தபடியே போய்விட வேண்டும் என்று எழுதச் சொன்னார். முப்பது வருஷம் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தவன், கடைசியில் ஃபேனைப் பார்த்துக்கொண்டா சாவேன் என்று சிரித்தார். கடுகு அந்தக் காகிதத்தை மருமகளிடம் கொடுத்து, எல்லா வீட்டிலும் சொல்வதைச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஒரு மதியம் அவருக்கு மூச்சு முட்டியது. மருமகள் போன் செய்தபோது கடுகு வேறொரு வீட்டில் கையுறையோடு புண் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். எழுதி வைத்தது ஏதாவது உண்டா என்று வந்தவர்கள் கேட்டார்கள். உண்டு, பீரோவுக்குள். பீரோ சாவி மகன் பாக்கெட்டில். மகன் வேலையில்.

கடுகு அரக்கப்பரக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் தொண்டையில் குழாய் இருந்தது. பிடுங்கிவிடாமலிருக்க இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. தலைக்கு மேலே ஃபேன்.

"அவர் வேணாம்னு சொன்னதையெல்லாம் ஒண்ணு விடாம செஞ்சு வெச்சிருக்கீங்களே" என்று டாக்டரிடம் பாய்ந்தாள். காகிதம் இல்லாமல் சும்மா விட்டிருந்தால் நீங்களே என் சட்டையைப் பிடித்திருப்பீர்கள் என்றார் அவர். அது நியாயமாக இருந்ததால் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

மகன் காகிதத்தோடு ஓடி வந்தார். டாக்டர்கள் படித்து முடித்துக் கட்டை அவிழ்க்க வருவதற்குள் பெரியவர் போய்விட்டார்.

வராந்தாவில் மருமகளைப் பிடித்துக்கொண்டாள் கடுகு. "பூட்டி வெக்க அது என்ன தங்கமா?"

மருமகள் அழுதுகொண்டே நிமிர்ந்தாள். "நீங்கதானே சிஸ்டர் ஜாக்கிரதையா வைக்கச் சொன்னீங்க? அதான் லேமினேட் பண்ணி நகைக்கு அடியில வெச்சேன்."

கடுகு வெடிக்கவில்லை. எத்தனை வீட்டில் இதே வாயால் அதையே சொல்லியிருக்கிறாள். தன்னையே ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலையிலேயே டேப் உருளையோடு கிளம்பினாள். அவள் பொறுப்பில் இன்னும் பதினொரு வீடுகள் இருந்தன. பீரோ, பெட்டி, மெத்தைக்கு அடி என்று ஒவ்வொரு காகிதமாகத் தேடி எடுக்க வைத்து, தலைமாட்டுச் சுவரில் ஒட்டினாள். வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று ஒரு வீட்டில் முணுமுணுத்தார்கள். பார்க்கட்டும், அதற்குத்தான் ஒட்டுகிறேன் என்று கத்தினாள்.

கடைசி வீட்டில் ஒரு டீச்சர் படுத்திருந்தார். அவள் ஒட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"எனக்கு நாள் நெருங்கிடுச்சா சிஸ்டர்?"

"அது இருக்கட்டும் டீச்சர். எனக்குப் புத்தி வரத்தான் இவ்வளவு நாளாயிடுச்சு" என்று சொல்லி, டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.